கடலைப் பொட்டலத்தில் கொரோனா ரிஜிஸ்டர்: ஆப்பிரிக்காவில் நோய்க்காலத் தகவல்கள் யார் கையில்?

நைரோபிவாசி:
போன சனிக்கிழமை நடந்தது. டவுனில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவர் தட்டில் வறுத்த கடலை விற்பார், நம் ஊர் போலவே பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டித்தான் கொடுப்பார். பத்து ஷில்லிங் கடலை. தின்று முடித்துத் தாளைப் பிரித்தால் கோடு போட்ட ரிஜிஸ்டர் பக்கம். பெயர், போன் நம்பர், அடையாள அட்டை எண், எந்த மாடி, உடல் வெப்பம், கையெழுத்து. தேதி 2020 ஆகஸ்ட். ஏதோ ஒரு அலுவலகக் கட்டட வாசலில் அஸ்காரி (இங்கே வாட்ச்மேனை அப்படித்தான் சொல்வோம்) எழுதி வைத்த கொரோனா நோட்டு! ஒரு பக்கத்தில் இருபத்தேழு பேர். எல்லோருக்கும் 36.2, 36.4 என்றே இருக்கிறது, அந்தத் துப்பாக்கித் தெர்மாமீட்டரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அப்போது எனக்கே நடந்ததும் ஞாபகம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு அந்த வருடம் தெரியாத நம்பரிலிருந்து "ஹாய் பியூட்டிஃபுல்" என்று தினம் மெசேஜ் வரும். பிறகுதான் புரிந்தது, அவருக்கு அடுத்து வரிசையில் நின்ற ஆள் மேல் வரியில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறான். ஆபீஸ் நிர்வாகத்திடம் சொன்னதற்கு "சுகாதாரத் துறை உத்தரவு, எழுதித்தான் ஆக வேண்டும்" என்று முடித்துவிட்டார்கள்.

கேள்வி இதுதான். நோய்க்காலத்தில் வாங்கிய தகவலுக்கு முடிவுத் தேதி என்று ஒன்று எங்காவது இருந்ததா? இங்கே ஆப்பிரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி குமரன்:
அண்ணா, கோபிக்காதீர்கள். ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது போன் நம்பர் போனால் என்ன? எபோலா வந்த ஊரில் போய் அந்தரங்க உரிமை என்று பேசினால் சிரிப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை 11,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் செல்போன் கம்பெனிகள் அழைப்புப் பதிவுகளை எல்லாம் திறந்து கொடுத்திருந்தால் யார் எங்கே போகிறார்கள் என்று வரைபடம் போட்டுத் தடுத்திருக்கலாம் என்று அப்போதே படித்தேன். உயிரா பிரைவசியா என்றால் உயிர்தான்.

ஜோபர்க் தமிழ்:
குமரன், நான் தொலைத்தொடர்பில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன், அதனால் அந்த வரைபட ஆசையை மட்டும் கொஞ்சம் உடைக்கிறேன்.

அழைப்புப் பதிவு என்பது என்ன? யார் யாருக்கு எப்போது பேசினார், அந்த நேரம் போன் எந்த டவரோடு ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். நகரத்தில் ஒரு டவர் சில நூறு மீட்டர் பார்க்கும், கிராமத்தில் பல கிலோமீட்டர். இதை வைத்து இந்த மாவட்டத்திலிருந்து அந்த மாவட்டத்துக்கு இத்தனை பேர் போனார்கள் என்று தோராயமாகச் சொல்லலாம். ஆனால் எபோலா எப்படித் தொற்றுகிறது? நோயாளியின் ரத்தம், வாந்தி, உடல் திரவம் நேராகப் பட்டால்தான். பிணத்தைக் குளிப்பாட்டும்போது தொற்றும். காற்றில் பரவுகிற மலேரியாக் கொசு போல ஊர்ப் போக்குவரத்தை வைத்துக் கணிக்கிற சமாச்சாரம் இல்லை அது. அடுத்த அறையில் இருந்தவரையும் நோயாளியைக் கையால் தூக்கியவரையும் டவர் பிரித்துச் சொல்லாது.

இதை நானாகச் சொல்லவில்லை. ஷான் மெக்டொனால்ட் என்பவர் லைபீரியாவை வைத்து 2016-ல் இதே விஷயத்தை விரிவாக எழுதினார், வெளியிட்டது நம் பெங்களூரில் இருக்கும் இணையம் மற்றும் சமூக மையம். அவசரம் என்று சொல்லி ஒரு நாட்டு மக்களின் அழைப்புப் பதிவுகளைச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் கேட்டார்கள், அது பலன் தரும் என்பதற்கு ஆதாரமும் கையில் இல்லை என்பதுதான் அவருடைய வாதம். பெயரை எடுத்துவிட்டுத் தருகிறோம் என்பார்கள். நீங்கள் இரவு எந்த டவரில், பகலில் எந்த டவரில் என்று இரண்டு இடம் தெரிந்தாலே பாதி அடையாளம் கிடைத்துவிடும். ஊரில் அந்த இரண்டு டவருக்கும் நடுவில் தினம் போய் வருகிற ஆள் நீங்கள் ஒருவராகவே கூட இருக்கலாம்.

திருச்சி குமரன்:
மலேரியா காற்றில் பரவாது சார், கொசுதான் :)

ஜோபர்க் தமிழ்:
சரி சரி, வேகத்தில் எழுதிவிட்டேன். கொசு பறக்கிறதே, காற்றில்தானே பறக்கிறது என்று சமாளித்துக்கொள்கிறேன்.

கவுன்சிலர் அக்கா:
நான் ஐசிடிசி (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை) மையத்தில் ஆலோசகராகப் பல வருடம் இருந்தவள். எச்ஐவி பரிசோதனைக்கு வருகிறவரிடம் நாங்கள் முதலில் சொல்வதே, "உங்கள் பெயர் இந்த அறையைத் தாண்டாது" என்பதுதான். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் எண்தான் ஒட்டுவோம். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஆள் உள்ளே வருவார். வாசலில் தெரிந்தவர் யாராவது நின்றால் அப்படியே திரும்பிப் பஸ் ஏறிப் போனவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அதனால் குமரன் தம்பி கேட்ட "உயிரா பிரைவசியா" கேள்வியே எனக்குப் பிடிபடவில்லை. ரகசியம் போனால் ஆள் பரிசோதனைக்கு வர மாட்டார், வராவிட்டால் நோய் பரவும். பிரித்துப் பேச முடியாது.

கென்யாவிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா? 2015 பிப்ரவரியில் அப்போதைய ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா ஓர் உத்தரவு போட்டார். எச்ஐவி உள்ள பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய பாதுகாவலர்கள், எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், எல்லோருடைய விவரத்தையும் மாவட்ட நிர்வாகம் மூலமாகத் திரட்ட வேண்டும் என்று. நோக்கம் நல்லதுதான், மருந்தும் உதவியும் சேர வேண்டும் என்றார்கள். ஆனால் படிவத்தில் பெயரும் இருக்கும், நோய் நிலையும் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு எச்ஐவி என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்தால் மதியத்துக்குள் சத்துணவுக் கூடம் வரைக்கும் தெரியும், எந்த நாடாக இருந்தாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தானே.

கெலின் என்ற சட்ட உதவி அமைப்பு வேறு சிலரோடு சேர்ந்து வழக்குப் போட்டது. 2016 டிசம்பரில் நைரோபி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. அந்தரங்க உரிமைக்கும் விரோதம், குழந்தையின் நலன் முதலில் என்ற பிரிவுக்கும் விரோதம். ஏற்கெனவே திரட்டியதில் பெயர்களை எடுத்துவிட்டுக் குறியீடு போட 45 நாள் கெடு.

நைரோபிவாசி:
அக்கா, இதே ஊரில் பத்து வருடமாக இருக்கிறேன், இந்த வழக்கு எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

கவுன்சிலர் அக்கா:
இதற்கு எதற்கு வெட்கம். அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. எச்ஐவி ஆய்வுக்குப் பாலியல் தொழிலாளிகள், ஓரினச் சேர்க்கையாளர்கள், ஊசி மூலம் போதை எடுப்பவர்களிடம் கைரேகை வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணாமல் இருக்கவாம். கென்யாவில் ஓரினச் சேர்க்கைக்குச் சட்டப்படி சிறை. அந்தப் பட்டியல் போலீஸ் கையில் போனால் என்ன ஆகும் என்று அந்த மக்கள் கேட்டார்கள், ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் கைரேகை இல்லாமல்தான் செய்ய வேண்டியதாயிற்று. படிக்காதவர்கள், பயந்தவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள்தான் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக இருந்தார்கள்.

சட்டப்புலி:
நைரோபிவாசி கேட்ட முடிவுத் தேதிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கென்யா. தகவல் பாதுகாப்புச் சட்டம் 2019 நவம்பரில் கையெழுத்தானது. முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 13. அந்தச் சட்டத்தைச் செயல்படுத்த வேண்டிய ஆணையர் பதவியேற்றது 2020 நவம்பரில். அதாவது சட்டம் இருந்தது, முறையிட ஆபீஸ் இல்லை. உங்கள் கடலைத் தாளின் தேதி 2020 ஆகஸ்ட் என்றீர்கள், சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. பூட்டு வாங்கியாயிற்று, சாவி வர ஒரு வருடம்.

அடுத்து கானா. அங்கே 2012-லிருந்தே தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு, அதனால் நல்ல உதாரணமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். 2020 மார்ச் 23-ல் அப்போதைய ஜனாதிபதி அகுஃபோ-அடோ ஈஐ 63 என்று ஓர் ஆணை போட்டார். செல்போன் கம்பெனிகள் சந்தாதாரர் விவரங்களை அரசின் பொதுத் தளத்துக்குத் தர வேண்டும், காரணம் நோய்த்தொடர்பு கண்டுபிடிக்க. தன் விவரத்தைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வக்கீல் தனி ஆளாக நீதிமன்றம் போனார். 2021-ல் அக்ரா உயர் நீதிமன்றம் அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கவனியுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதுவும் ஒரு வக்கீல் என்பதால் போனார். குமாசிச் சந்தையில் தக்காளி விற்கிற அம்மா போவாரா?

முடிவுத் தேதி உண்மையிலேயே எழுதி வைத்த நாடு எனக்குத் தெரிந்து தென்னாப்பிரிக்காதான். அதை ஜோபர்க் சார்தான் சொல்ல வேண்டும், அவர் அங்கேயே இருந்தவர்.

ஜோபர்க் தமிழ்:
ஆமாம், இதில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, கொஞ்சம்தான்.

2020 ஏப்ரல் 2-ல் வந்த விதி. சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் செல்போன் கம்பெனியிடம் நோயாளியின் அல்லது அவரோடு தொடர்பில் இருந்தவரின் இருப்பிட விவரத்தைக் கேட்கலாம். ஆனால் பேச்சையோ மெசேஜையோ தொடக் கூடாது. கேட்டதில் நோய்த்தொடர்புப் பட்டியலில் சேர்க்காததை ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் யார் யாருடைய விவரம் கேட்டோம் என்று ஒரு நீதிபதிக்கு அறிக்கை போக வேண்டும். அதற்காக ஓய்வுபெற்ற அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதி கேட் ஓ'ரீகனை நியமித்தார்கள். பேரிடர் நிலை முடிந்ததும் ஆறு வாரத்துக்குள், "உங்கள் இருப்பிடத்தை நாங்கள் பார்த்தோம்" என்று அந்த ஆளுக்கே தகவல் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்த அன்றைக்கு எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அரசாங்கம் வேவு பார்த்துவிட்டு அதைத் தானே வந்து சொல்வதா!

பெருமை ஏன் கொஞ்சம்தான் என்றால், பேரிடர் நிலை 2022 ஏப்ரல் தொடக்கம் வரைக்கும், இரண்டு வருடம் நீண்டது. மாதா மாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். "முடிந்ததும்" என்ற வார்த்தை எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்று பாருங்கள். முடிந்த பிறகும் திரட்டியதை என்ன செய்தீர்கள் என்று தகவல் ஒழுங்குமுறை அமைப்பு சுகாதாரத் துறையிடம் விளக்கம் கேட்டு நெருக்க வேண்டிவந்தது. காகிதத்தில் எழுதிய ஆறு வாரம் தானாக நடக்கவில்லை, பின்னாலேயே ஒருவர் துரத்த வேண்டியிருந்தது.

தொழில்காரனாகச் சொல்கிறேன், டவர் இருப்பிடத்தை வைத்து கொரோனாத் தொடர்பு கண்டுபிடிப்பது என்பதே சரிப்படாத வேலை. நோய் தொற்ற இரண்டு மீட்டர், டவர் பார்ப்பது அரைக் கிலோமீட்டர். மால் முழுக்க இருந்தவர்களை வீட்டில் உட்காரச் சொல்வீர்களா? பிறகு 2020 செப்டம்பரில் ப்ளூடூத் ஆப் வந்தது, அதில் இருப்பிடமே இல்லை, ஆள் யார் என்றும் ஆப்புக்குத் தெரியாது. முதலிலேயே அதை யோசித்திருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம்.

எண்கணக்கன்:
எல்லோரும் ஒரே பக்கம் போகிறீர்கள், நான் கொஞ்சம் எதிரே நிற்கிறேன். டோகோவைப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் அங்கே நோவிஸி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊரடங்கில் வேலை போன கூலித் தொழிலாளி, தையல்காரர், மோட்டார்பைக் டாக்ஸி ஓட்டுபவர் எல்லோரும் சாதாரண பட்டன் போனில் *855# அடித்து வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால் போதும், மொபைல் பணமாக வந்துவிடும். க்யூ இல்லை, அதிகாரி இல்லை, கமிஷன் இல்லை. தலைநகர் லோமே பகுதியில் பெண்களுக்கு மாதம் 12,250 சிஎஃப்ஏ பிராங்க், ஆண்களுக்கு 10,500. பெண்ணுக்குக் கூடுதல், காரணம் வீட்டுச் செலவு அவர் கையில் என்று.

அப்புறம் கிராமங்களில் யார் பரம ஏழை என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டியல் கிடையாது. கலிபோர்னியா பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏழ்மையான பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு போன் உபயோகப் பதிவுகளை வைத்து எந்த நம்பர்க்காரர் ஏழையாக இருப்பார் என்று கணினியைக் கணிக்க வைத்தார்கள். கிவ்டைரக்ட்லி அமைப்பு பணம் கொடுத்தது. பல்லாயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. இதே அழைப்புப் பதிவுதான், ஜோபர்க் சார் வேண்டாம் என்று சொல்கிற அதே சாமான். பசியோடு இருந்தவனுக்குச் சோறு போட்டது. இதையும் தவறு என்பீர்களா?

திருச்சி குமரன்:
அப்படிப் போடுங்க!

கவுன்சிலர் அக்கா:
தவறு என்று சொல்ல மாட்டேன். போன் இல்லாத கிழவிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்பேன்.

எண்கணக்கன்:
நியாயமான கேள்வி அக்கா. போன் இல்லாதவர், வாக்காளர் அட்டை இல்லாதவர் வெளியேதான். அந்த ஆராய்ச்சியாளர்களே அதை ஒத்துக்கொள்கிறார்கள். கணக்கு தப்பாகி விடுபட்டுப்போனவர்களும் உண்டு, எந்தக் கணக்கிலும் உண்டு.

சட்டப்புலி:
என் கேள்வி வேறு. 2020 ஆகஸ்டில், அதாவது நோவிஸி தொடங்கி நாலு மாதத்தில், டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஓர் அறிக்கை விட்டது. டோகோவில் ஒரு கத்தோலிக்க ஆயர், ஒரு பாதிரியார், எதிர்க்கட்சிக்காரர்கள் சிலரின் போன்களை 2019-ல் பெகாசஸ் வேவு மென்பொருளால் குறிவைத்திருக்கிறார்கள் என்று. கத்தி நல்லதா கெட்டதா என்று கேட்கிற இடமில்லை இது, சமையலறையில் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டிய இடம். யார் எவ்வளவு ஏழை என்று போன் பதிவிலிருந்து சொல்ல முடிகிற கருவி, யார் யாரோடு பேசுகிறார் என்றும் சொல்லுமே. நோவிஸிக்கு எடுத்ததை நோவிஸிக்கு மட்டும் பயன்படுத்தினார்கள் என்று சரிபார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். டோகோவில் 2019-லேயே தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. கண்காணிக்கும் அமைப்புதான் அந்த நேரத்தில் செயலில் இல்லை. கென்யாக் கதையேதான்.

எண்கணக்கன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் திட்டம் நடக்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல என்னால் முடியாது.

சட்டப்புலி:
நானும் சொல்லவில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு என்று மாலபோ உடன்படிக்கை ஒன்று உண்டு, இணையப் பாதுகாப்பும் தனிநபர் தகவல் பாதுகாப்பும் பற்றியது. ஏற்றுக்கொண்டது 2014 ஜூன் 27, எபோலா மூன்று நாடுகளில் கொளுந்துவிட்டு எரிந்த நேரம். அமலுக்கு வர 15 நாடுகள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். கடைசி ஒப்புதல் வந்து நடைமுறைக்கு வந்தது 2023 ஜூனில். எபோலா போய், கொரோனா வந்து, அதுவும் போன பிறகு.

நைரோபிவாசி:
கொரோனா போயிற்று, கதை போகவில்லை. 2025 டிசம்பர் 4-ல் எங்கள் ஜனாதிபதி ரூட்டோ முன்னிலையில் வாஷிங்டனில் கென்யா அமெரிக்காவோடு ஐந்து வருடச் சுகாதார ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கா 160 கோடி டாலர் வரை தரும், கென்யா தன் பங்கைக் கூட்ட வேண்டும். அதே வருடத் தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென்று நின்று எச்ஐவி கிளினிக்குகள் தவித்ததை இங்கே எல்லோரும் பார்த்தோம், அதனால் பணம் திரும்பி வருகிறது என்றதும் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் மூச்சு வந்தது. ஆனால் ஒப்பந்தத்தோடு சுகாதாரத் தகவல்களைப் பகிர்வதும் சேர்ந்து வருகிறது என்றதும் பிரச்சினை. நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது, ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றம் தனிநபர் மருத்துவத் தகவலை அனுப்பக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. அரசாங்கம், மொத்த எண்ணிக்கைதான் போகும், பெயர் போகாது என்கிறது.

கவுன்சிலர் அக்கா:
மருந்து வேண்டுமா, பட்டியல் கொடு. 2015-லும் இதேதானே. கேட்கிறவர்தான் மாறியிருக்கிறார்.

ஜோபர்க் தமிழ்:
தகவல் கொடுத்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதையும் பார்த்தோம். 2021 நவம்பரில் ஒமிக்ரான் மரபணு வரிசையை எங்கள் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். பதிலுக்கு ஒரே நாளில் விமானத் தடை. என் தங்கை கல்யாணத்துக்கு நான் போக முடியவில்லை, வாட்ஸாப்பில் தாலி கட்டுவதைப் பார்த்தேன். அடுத்த தடவை எந்த நாடு சீக்கிரம் சொல்லும்?

திருச்சி குமரன்:
சரி, நான் முதலில் எழுதியதை அழிக்கப் போவதில்லை, ஆனால் இப்போது அப்படி எழுத மாட்டேன். அண்ணா, அந்தக் கடலைத் தாளை என்ன செய்தீர்கள்?

நைரோபிவாசி:
அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்று மறுபடி அங்கே போனேன். அவர் அதே நோட்டிலிருந்துதான் கிழித்துக்கொண்டிருந்தார், பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் வாங்கியதாம். மீதி நோட்டை 150 ஷில்லிங் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். இவ்வளவு கொடுத்து இதை எதற்கு வாங்குகிறீர்கள் என்று அவருக்குச் சந்தேகம், கடலையும் ஒரு கை கூடுதலாகப் போட்டார். இப்போது என் மேஜை டிராயரில் ஐந்நூறு பேருடைய போன் நம்பரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கிறது. சட்டப்புலி சார், இப்போது சட்டப்படி நான் யார்?

சட்டப்புலி:
போட்டோ எடுத்தீர்களா?

நைரோபிவாசி:
முதல் பக்கம் மட்டும், இங்கே போடலாம் என்று.

சட்டப்புலி:
முதலில் அந்தப் போட்டோவை அழியுங்கள், போன் கேலரியில் மட்டுமில்லை, பேக்கப்பிலும். பிறகு அந்தக் கட்டடம் எது என்று தெரிந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், இப்போது ஆபீஸ் இருக்கிறது. நோட்டை அவர்கள் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் அடுப்பில் போடுங்கள்.